அம்மன் தாலியில் ஒரு சொட்டுத் திராவகம்

செல்லாயி செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். கண்ணில் பட்டதை வாயால் சொன்னாள்.

ஆடித் திருவிழாவுக்கு முன்னால் மாரியம்மனின் நகைகளைத் துலக்கிக் கொடுப்பது வழக்கம். பத்து காஜா டவுனைத் தாண்டி, ரப்பர் காட்டுக்குள் கிடந்த மூங்கில்மேட்டுத் தோட்டத்தில் அந்த வேலை செல்லாயியுடையது. பால்வெட்டு முடிந்து வந்து குளித்து, ஈரச் சேலையோடு கோயில் வாசலில் உட்கார்ந்து, கரைத்த புளியில் அம்மனின் பொட்டுத்தாலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் மஞ்சள் போய்ச் சிவப்பு தெரிந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். எழுந்து போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு இன்னும் கூடியது. புளி பட்டால் பித்தளைதான் அப்படிச் சிவக்கும்.

"இது பித்தளைலா!" என்று கத்தினாள்.

வேறொருத்தியாக இருந்தால் மேலே மஞ்சளை அப்பி, அம்மன் கழுத்தில் கட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டு தன் லயத்து வீட்டுக்குப் போயிருப்பாள். செல்லாயிக்கு அது வராது. கால் ஓரிடத்தில் நிற்காது, வாயும் அப்படித்தான். லயத்தில் அவளுக்குப் 'பறக்காவெட்டி' என்றே பெயர்.

அவள் சேலத்துப் பக்கத்துக்காரி. மழை பொய்த்த ஒரு வருடத்தில், ஊருக்கு வந்த கங்காணி சின்னையாவின் பேச்சை நம்பிக் கப்பலேறிய குடும்பம் அவளுடையது. பெற்றவர்கள் இருவரையும் தோட்டத்துக் காய்ச்சல் கொண்டுபோனது. பால்வாளி தூக்கத் தெம்பு வந்த வயதிலேயே அவள் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தாள். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஸ்டோரில் வேலை செய்த சன்னாசிக்கு இதே மாரியம்மன் முன்னால்தான் கழுத்தை நீட்டினாள். பிறந்த பிள்ளைகளில் தங்கியது பாப்பா ஒருத்திதான். அவளுக்கும் வயிற்றில் கட்டி. மாதம் தவறாமல் குளிர்காய்ச்சல். இப்படிப்பட்ட வாழ்க்கையில், கழுத்துத் தாலி தவிர செல்லாயிக்கு மிஞ்சியிருந்த ஒரே தங்கம் தாயின் காதுத்தோடு. அதைத்தான் போன வருடம் அம்மன் தாலிக்குக் கொடுத்தாள்.

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

போன ஆடிக்கு முன்னால் சீனி ஆசாரி என்று ஒருவன், தோள்பெட்டியும் ஊதுகுழலுமாகத் தோட்டத்துக்கு வந்தான். சின்னையா அவனுக்குத் தன் வீட்டுப் பின்கட்டில் இடம் கொடுத்தான். தோட்டத்துப் பெண்கள் உடைந்த மூக்குத்தி, ஒற்றைத் தோடு, செத்துப்போன பிள்ளையின் அரைஞாண் மணி என்று இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆசாரி உருக்கினான், தட்டினான், அம்மனுக்குத் தாலி செய்தான். அதே கையோடு லயத்துப் பெண்கள் பலருக்கும் பழைய தாலியை அழித்துப் புதுத்தாலி செய்து கொடுத்தான்.

அம்மனுக்குத் தாலி சாத்தும் அன்று ஒருவர் கேட்டார், "தங்கத்தைக் கல்லுல உரசிப் பாக்க வேணாமா?" என்று. ஆசாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"தாலியக் கல்லுல தேய்க்கிறதா? கட்டினவன் ஆயுசத் தேய்க்கிற மாதிரிலா அது! அதுவும் அம்மன் தாலி!"

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாலி உரைகல்லில் படக்கூடாது என்பது அந்த மக்களிடம் அப்படி ஊறிப்போன நம்பிக்கை. திருடனுக்கு இதைவிட நல்ல பூட்டு யார் செய்து தருவார்கள்?

சின்னையாவுக்குத்தான் யோசனை வந்தது. டவுனில் தங்கத்தைத் திராவகம் விட்டுச் சோதிப்பார்கள் என்று எங்கோ கேட்டிருந்தான். "டேய் சன்னாசி, ஸ்டோர்ல இருக்குல்ல திராவகம், கொண்டாடா" என்றான். பால் உறைவதற்கு ஊற்றுகிற திராவகம் அது. ஆசாரி ஒரு கணம் கங்காணியைப் பார்த்தான். பிறகு சிரித்தபடி, "ஊத்துங்கண்ணே, தாராளமா ஊத்துங்க" என்றான். ஒரு சொட்டு விழுந்தது. நுரை இல்லை, புகை இல்லை, நிறம் மாறவில்லை. "சுத்தத் தங்கம்!" என்று சின்னையா தாலியைத் தூக்கிக் காட்டினான். பெண்கள் குலவையிட்டார்கள். செல்லாயியும்தான்.

திருவிழா முடிந்ததும் ஆசாரி தாப்பா பக்கம் போய்விட்டான்.

இப்போது செல்லாயியின் குரல் கேட்டு ஓடிவந்த கூட்டத்துக்கு முன்னால், அதே சின்னையா அதே தாலியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். முகம் கறுத்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினான். பிறகு அவன் சொன்னது இது:

"போன வருசம் இத்தனை பேரு பாக்க நான்தான் திராவகம் ஊத்தினேன். அன்னைக்குத் தங்கம், இன்னைக்குப் பித்தளையா? நடுவுல இதத் தொட்டது யாரு? துலக்குறேன் துலக்குறேன்னு கையில வெச்சிருந்தவதானே?"

கூட்டம் செல்லாயியைப் பார்த்தது.

"அண்ணே, நான் மாத்தியிருந்தா நானே ஏன் கத்துறேன்?"

"கத்தினா தப்பிச்சுக்கலாம்னு நெனச்சிருப்ப. வெள்ளிக்கிழமை பூசையில சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. இல்லாட்டி பெரட்டுல உம் பேரு இருக்காது. லயத்துல அடுப்பும் இருக்காது."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னது பொய்யென்றால் அம்மன் தண்டிப்பாள். அதுதான் அந்தத் தோட்டத்தின் கோர்ட்டு. தங்கத்தைக் கல்லில் உரசிப் பார்ப்பது பாவமாம், மனுஷியை நெருப்பில் உரசிப் பார்ப்பது புண்ணியமாம்.

அன்று முதல் செல்லாயி இருந்த இடத்தில் இருக்கவில்லை. பைப்படிக்குப் போனால் பேச்சு நின்றது. நிரையில் மரத்துக்கு மரம் ஓடினாள், வெட்டுக் கோணலாக விழுந்து திட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்தால் உலையை ஏற்றுவாள், இறக்குவாள், வாசலுக்கு வருவாள், திரும்பப் போவாள்.

"ஒரு நொடி வேலைதான புள்ள" என்றான் சன்னாசி. "கையை வெச்சு எடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. நீதான் எடுக்கலியே, ஒனக்கென்ன பயம்?"

"கருப்பம்மா எடுத்தாளா?"

கருப்பம்மாள் அடுத்த லயத்துக்காரி. கோழி திருடினாள் என்று சொல்லி அவளைச் சூடம் அணைக்க வைத்தார்கள். அணைத்தாள். அந்த மாதமே அவள் கைப்பிள்ளை காய்ச்சலில் செத்தது. பொய்ச் சத்தியம் பலித்துவிட்டது என்றது தோட்டம். கோழி பிறகு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக் கூரையடியில் முட்டையோடு உட்கார்ந்திருந்தது. அப்போதும் யாரும் கருப்பம்மாளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டாள்.

"வாரத்துக்கு ஒரு பாடை போற தோட்டம் இது" என்றாள் செல்லாயி. "நான் கையை வெச்ச மறுநா பாப்பாவுக்குக் குளிர் வந்தா என்ன சொல்லுவாங்க? வரும். எப்பவும் வர்றதுதான். ஆனா அன்னைக்கு மட்டும் அது அம்மா குடுத்த தண்டனையாயிரும். அந்தச் சொல்ல அது சாகுறவரைக்கும் சொமக்கணும்."

பாப்பா பாயில் படுத்து, வீங்கிய வயிற்றைத் தடவிக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் மட்டும் வந்து பேசினாள். அவள் வேதக்காரி. அவள் தாலியிலும் சிலுவை வைத்துக் கொடுத்தவன் சீனி ஆசாரிதான்.

"ஏன்டி செல்லாயி, ஒங்க அம்மனையே ஏமாத்திட்டானே, எங்க அந்தோணியாருல்லாம் அவனுக்கு எந்த மூலைக்கு?" என்று சிரித்தாள்.

"சிரிக்காதீங்கக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"பின்ன அழவா? அன்னைக்குத் திராவகம் ஊத்துனப்ப ஒண்ணும் ஆகலியே, அதான் எனக்குப் புரியல."

செல்லாயி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இன்னைக்கும் ஊத்தட்டும்" என்றாள். "அன்னைக்கு ஊத்துன அதையே ஊத்தட்டும்லா! அது தங்கமா இருந்தப்ப ஒண்ணும் ஆகலன்னா, பித்தளையா இருக்கிறப்ப பொங்கணுமில்ல?"

வெளியே போய்விட்டாள். உலை பொங்கி அடுப்பை அணைத்தது. குழந்தையம்மாள்தான் பார்த்து இறக்கி வைத்தாள்.

மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடும் நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி செல்லாயி அதையே கேட்டாள். கூட்டத்துக்கு முன் கேட்டதால் சின்னையாவால் மறுக்க முடியவில்லை. அவன் கையால் அவன் செய்த சோதனை அது. மாலையில் கோயில் வாசலில் ஊற்றுவது என்று முடிவாயிற்று.

மாலையில் சன்னாசி திராவகச் சீசாவைக் கொண்டுவந்தான். சின்னையா தாலியை வாழையிலையில் வைத்தான். தேய்ந்த விளிம்பு மேலே தெரிய வைத்து, ஒரு சொட்டு விட்டான்.

ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு சொட்டு விட்டான். அதற்கும் ஒன்றுமில்லை. அருகில் நின்றவர்கள் குனிந்தார்கள். புளித்த காடி வாடை அடித்ததோடு சரி.

"அப்ப தங்கந்தான்!" என்று பின்னாலிருந்து குழந்தையம்மாளின் குரல் வந்தது. "கங்காணி, திருட்டே நடக்கலியே! எதுக்கு அவள நெருப்புல வாட்டுறீங்க?"

சிலர் சிரித்துவிட்டார்கள். செல்லாயி காத்திருக்கவில்லை. கோயில் படியில் இருந்த பித்தளைச் செம்பைத் தூக்கிவந்து இலையருகே வைத்தாள்.

"அண்ணே, இதுலயும் ஒரு சொட்டு விடுங்க."

"என்னடி விளையாடுறியா?"

"விடுங்க."

அவன் விடவில்லை. சீசாவை அவன் கையிலிருந்து பிடுங்கி அவளே விட்டாள். செம்பு அப்படியே இருந்தது.

"பாத்துக்குங்க!" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "இதுவும் தங்கம். என் வீட்டுக் குண்டானும் தங்கம். போன வருசம் நாம எதச் சோதிச்சோம்? பால ஒறைய வெக்கிற தண்ணி பால ஒறைய வெக்கும். அது தங்கத்தக் கண்டுச்சா, பித்தளையக் கண்டுச்சா?"

அவரவர் கை அவரவர் கழுத்துக்குப் போனது. அதே ஆசாரி செய்த தாலிகள். அவற்றுக்கும் அதே சோதனைதான் நடந்திருந்தது.

சின்னையாவுக்கு இது தெரிந்தே நடந்ததா, தெரியாமலா? தெரியாமல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்தவன் பயப்படுவான், ஊரை விட்டு ஓடுவான். தெரியாதவனிடம் அதிகாரமும் இருந்தால் அவன் ஓடமாட்டான். தான் சொன்னது சரியாக இருப்பதற்காக எவள் கையையும் சுடத் தயாராவான். சின்னையா சீசாவைப் பிடுங்கி மூடியைத் திருகினான்.

"திராவகம் கெட்டுப்போயிருக்கு. அம்மன் கெட்டுப்போகல. வெள்ளிக்கிழமை சூடம் ஏத்துறேன். வந்து அணை."

கூட்டம் கலைந்தது. அவள் சொன்னது நியாயம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதை ஒருவர் வாயும் சொல்லவில்லை. நியாயம் தெரிந்தும் வாயைத் திறக்காத கூட்டம், ஒரு கங்காணிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு மரத்தடியில் மங்களம் நின்றிருந்தாள். சின்னையாவின் மனைவி. லயத்துப் பக்கம் தனியாக வராதவள். கழுத்துவரை முந்தானையை இழுத்து மூடியிருந்தாள்.

"செல்லாயி, நில்லு."

"என்னக்கா, சூடம் வாங்கப் போறீங்களா?"

"குத்தாத. இதப் பாரு." முந்தானையை விலக்கினாள். கனத்த தாலி. ஆசாரி தங்கியிருந்த வீட்டுக்காரி என்பதால் அவளுக்குப் பெரிதாகவே செய்து கொடுத்திருந்தான். தாலிக்கடியில் தோல் பச்சை பூத்திருந்தது. "வேர்வைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அரிப்பு. அவருகிட்டச் சொல்ல முடியல. நேத்து நீ செம்புல விட்டதப் பாத்தேன். ராவெல்லாம் தூக்கம் வரல."

"ஈப்போவுக்குப் போலாமா?" என்றாள் செல்லாயி உடனே. "அங்க கல்லு வெச்சிருப்பாங்க."

"தாலியக் கல்லுலயா?" மங்களத்தின் குரல் உள்ளே போயிற்று. "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"வாங்க, போற வழியில பேசிக்கலாம்."

அடுத்த நாள் செல்லாயி ஆள் சொல்லி விடுப்பு வாங்கிக்கொண்டும், மங்களம் சந்தைக்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டும் கிளம்பினார்கள். பாப்பாவைக் குழந்தையம்மாளிடம் விட்டார்கள். சன்னாசியும் துணைக்கு வந்தான். வழியெல்லாம் வண்டியில் மங்களம் தாலியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வெளியே ஈயச் சுரங்கத்து மணல்மேடுகள் வெள்ளையாக ஓடின. செல்லாயி வண்டிக்காரனை விரட்டிக்கொண்டே வந்தாள்.

இராமசாமிப் பத்தரின் கடை ஈப்போ சந்தைக்கு அருகே ஒடுக்கமான ஒரு நகைப்பட்டறை. அவர் கேட்டுவிட்டு, மாட்டேன் என்று தலையாட்டினார்.

"சங்கிலி குடுங்க, மோதிரம் குடுங்க, ஒரசித் தாரேன். சுமங்கலி தாலிய நான் கல்லுல வெக்க மாட்டேன்மா. பாவத்த யாரு சொமக்கிறது?"

"நான் சொமக்கிறேன்" என்றாள் செல்லாயி. "கல்ல இப்படித் தள்ளுங்க."

தன் கழுத்துக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். அதுவும் சீனி ஆசாரி புதுப்பித்ததுதான். கறுப்புக் கல்லில் தாலியை அழுத்தி இழுத்தாள். மஞ்சளாய் ஒரு கோடு விழுந்தது. பத்தர் பெருமூச்சு விட்டார். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், மாற்றுத் தெரிந்த தங்கக் குச்சி ஒன்றைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து உரசினார். இரண்டு கோடுகளும் பார்வைக்கு அக்கா தங்கை போல இருந்தன. பிறகு கண்ணாடிக் குச்சியால் தன் திராவகத்தை எடுத்து இரண்டின் குறுக்கேயும் தடவினார். மூக்கைப் பொத்தும் நெடி. குச்சியின் கோடு அப்படியே நின்றது. செல்லாயியின் கோடு பச்சையாகக் கொதித்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கல் மட்டும் கறுப்பாக இருந்தது.

மங்களம் "ஐயோ" என்று திரும்பி வாசலைப் பார்த்தாள். கோடு போனதற்கு அல்ல. சன்னாசியைத் தேடினாள்.

சன்னாசி சாகவில்லை. வாசலில் நின்று ரம்புத்தான் பழம் தின்றுகொண்டிருந்தான். "என்னா, முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டையைத் துப்பினான்.

செல்லாயி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. தாயின் காதுத்தோடு எங்கே, எவள் கழுத்தில், எவன் பெட்டியில் கிடக்கிறதோ.

மங்களம் தன் தாலியைக் கழற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். கழற்றினாள். அவள் கோடும் நிற்கவில்லை. அதை அவள் மீண்டும் கழுத்தில் போடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைவீதியில் மஞ்சள் கிழங்கும் நூலும் வாங்கி, அங்கேயே நின்று கட்டிக்கொண்டாள்.

"அக்கா, அவரு கேட்டா?" என்றாள் செல்லாயி.

"கேக்கட்டும். வாயத் தொறந்து கேக்கட்டும்லா."

வெள்ளிக்கிழமை மாலை கோயில் நிறைந்திருந்தது. செல்லாயி முன்வரிசையில் நின்றாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். சூடம் அணைக்கப் போவதில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். சாமான்களை மூட்டை கட்டி வீட்டு வாசலில் வைத்துவிட்டே வந்திருந்தாள்.

சின்னையா தட்டில் சூடத்தை ஏற்றினான். பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தபோது மங்களம் வந்தாள். முந்தானையை மூடவில்லை. வெறும் மஞ்சள் கிழங்கு தொங்கிய கழுத்தோடு அம்மனுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்றாள். முடிச்சை அவிழ்த்து, தன் தாலியை எடுத்துத் தட்டில், சூடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதயும் செல்லாயிதான் மாத்தினாளா?" என்றாள். "நம்ம வீட்டுக்குள்ள வந்து, என் கழுத்துல கெடக்கிறப்ப மாத்தினாளா? கேளுங்க, அவகிட்டக் கேளுங்க. ஒங்க ஆசாரிகிட்ட மட்டும் கேக்காதீங்க."

கூட்டத்தில் ஒருத்தி கயிற்றைக் கழற்றினாள். பிறகு இன்னொருத்தி. "இதயும் வையுங்க கங்காணி" என்று குழந்தையம்மாள் தன் சிலுவையை நீட்டினாள். "எங்க சாமியும் கணக்குல வரட்டும்."

சின்னையா தட்டைப் பிடித்தபடி நின்றான். எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. கீழேயும் வைக்கவில்லை. தட்டு சூடேறிக் கையைச் சுட்டிருக்க வேண்டும், அவன் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தான். யாரும் அணைக்காமல் சூடம் தானே எரிந்து, சுருங்கி, கரிப்பொட்டாக அணைந்தது.

பூசாரி அவசரமாக மணியை ஆட்டினார். அம்மன் கழுத்தில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டினார்கள். சனங்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், திருநீறு பூசிக்கொண்டார்கள். பெரட்டில் செல்லாயியின் பெயர் இருக்கும் என்று சன்னாசி அவள் காதோரம் வந்து சொன்னான்.

செல்லாயிக்கு மட்டும் கால் நிற்கவில்லை. மூட்டையை அவிழ்க்கவில்லை. நேராகக் குழந்தையம்மாளிடம் போனாள்.

"அக்கா, தாப்பாவுக்கு எப்படிப் போறது?"

"என்னடி இப்ப தாப்பா?"

"அவன் அங்கதான இருக்கான்? அங்கயும் தோட்டம் இருக்கு, ஸ்டோர் இருக்கு, திராவகம் இருக்கு. இந்நேரம் எவளுக்காவது தாலி அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருப்பான்லா!"

குழந்தையம்மாள் பதில் சொல்வதற்குள், பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வண்டிக்காரன் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே அவள் லயத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டாள்.